திரையில் பேசிய கம்ப்யூட்டர்

எனக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் சொன்னால் கேட்கிறவர்கள் "அடப் பாவமே" என்பார்கள். அந்த "அடப் பாவமே"யைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போய்விட்டது.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். மதுரை வில்லாபுரத்தில் ஒரு சேலைக் கம்பெனியின் ஆபீஸில் நான் டெலிபோன் ஆபரேட்டர். வெளியிலிருந்து வரும் போனை எடுத்து, யாரைக் கேட்கிறார்களோ அவர்களுக்கு என் போர்டில் பட்டனை அமுக்கி இணைப்புக் கொடுப்பது வேலை. "வணக்கம்" என்ற ஒரு சொல்லை வைத்தே அது சேலத்துக் கடைக்காரரா, சோழவந்தான் ஏஜெண்டா என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். மதுரையில் பார்வையற்றோர் பள்ளி, பிறகு காலேஜ், பிறகு இந்த வேலை, ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டில். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் என்னை ஒரு மூலையில் உட்காரவைத்துத் தட்டில் சோறு போட்டுக் கையில் கொடுப்பார்கள். ஒரு டம்ளரைக் கழுவக் கையில் எடுத்தாலும் "நீ இரு தாயி" என்று பிடுங்கிக்கொள்வார்கள். பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்துக்குள் நிரந்தரமாகத் திரும்பிப் போவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கும்.

அந்த நினைப்பு ஆயுத பூஜை முடிந்த மறுநாள் வந்தது. முதலாளி என் மேஜைக்கு வந்து தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர். கெட்ட சேதி சொல்வதற்கு முன்னால்தான் அவர் செருமுவார்.

"போர்டை மாத்துறோம்மா. புதுசு வருது. இனிமே போன் பண்ணுறவங்களே நம்பர அமுக்கி, வேணுங்கிற ஆளப் பிடிச்சுக்கலாமாம்."

"அப்ப நான் சார்?"

அவர் மறுபடியும் செருமினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"லெட்டர் அடிக்கிறேன் சார். எனக்கு டைப்ரைட்டிங் தெரியும், ஹையர் பாஸ் பண்ணிருக்கேன். கம்ப்யூட்டர் குடுங்க."

"அடிச்சது சரியா தப்பான்னு நீ எப்படிம்மா பாப்ப?"

"அதுவே எனக்கு வாசிச்சுச் சொல்லும் சார். அதுக்கு சாப்ட்வேர் வந்துருச்சு."

நம்பவில்லை என்பது அவர் மூச்சு விட்ட தினுசிலேயே தெரிந்தது. ஆனாலும் சொன்னார்: "சரி, தீபாவளிக்குள்ள ஒரு லெட்டர். நான் சொல்லுவேன், நீ அடிக்கணும், நீயே எனக்கு வாசிச்சும் காட்டணும். காட்டிட்டா இங்கயே இரு."

என்னோடு ஹாஸ்டலில் இருந்த ஒரு தோழி சென்னையில் ஒரு பேங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளுக்கும் பார்வை கிடையாது. அவள்தான் அந்தப் பேசும் சாப்ட்வேரின் சிடியைக் கூரியரில் அனுப்பினாள். கம்ப்யூட்டர் பழுது பார்க்க வரும் சர்வீஸ்காரர், ஆபீஸில் சும்மா கிடந்த ஒரு கம்ப்யூட்டரை என் மேஜைக்குக் கொண்டுவந்து அதில் அந்தச் சிடியைப் போட்டுக் கொடுத்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

"தம்பி, ஒண்ணும் கேக்கலையே."

"ஓடுதுக்கா. இந்தா திரையில தெரியுது பாருங்க" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "இல்ல, எனக்குத் தெரியுது. நல்லாப் பேசிக்கிட்டுத்தான் இருக்கு."

"பேசிக்கிட்டிருக்கா? யாருகிட்ட?"

பக்கத்து மேஜையில் டைப்பிஸ்ட் சிரித்துவிட்டார். டைப்பிஸ்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சௌராஷ்டிரா வீட்டுப் பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வீட்டிலிருந்து அவர் அம்மா போன் செய்தால் இருவரும் அவர்கள் பாஷையில் மடை திறந்த மாதிரி பேசுவார்கள். போனை வைத்ததும் எங்களிடம் அளந்து அளந்துதான் பேச்சு. நான் "அக்கா" என்பேன், அவர் என்னை "வாங்க, போங்க" என்பார், அதோடு சரி. ஆபீஸில் லெட்டர் எல்லாம் அவர்தான் அடித்துக்கொண்டிருந்தார். நான் லெட்டர் அடிக்க வந்தால் அவருக்கு என்ன சந்தோஷம் இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

சர்வீஸ்காரர் ஹெட்போனைத் தன் காதில் மாட்டிப் பார்த்தார். அவருக்கும் கேட்கவில்லை. வேறு ஹெட்போன் மாட்டினார். பெட்டியின் பின்பக்கம் குனிந்தவர், "அட, இங்க பாருங்கப்பா" என்றார்.

ஹெட்போன் செருகும் ஓட்டையில் சந்தனம். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கெல்லாம் பொட்டு வைத்தது டைப்பிஸ்ட். முன்னால் ஒன்று, மேலே ஒன்று, பின்னால் விட்டுப்போய்விடக் கூடாதே என்று அங்கேயும் ஒன்று. அது சரியாக ஓட்டையின் வாயில் போய் அப்பிக் காய்ந்திருந்தது. சர்வீஸ்காரர் ஊக்கு ஒன்றை வாங்கிச் சுரண்டி எடுத்தார். ஆபீஸ் முழுக்க ஒரே சிரிப்பு. "சாமிக்குக் காது குத்துனாப்ல குத்துறாருப்பா" என்று யாரோ சொன்னார்கள். டைப்பிஸ்ட் மட்டும் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

சந்தனம் போனது. சத்தம் வரவில்லை.

அடுத்து டிரைவர் படலம். கம்ப்யூட்டருக்கும் அதில் இருக்கிற ஒரு பாகத்துக்கும் நடுவே நின்று பேசுகிற சின்ன புரோகிராமைத்தான் டிரைவர் என்பார்கள். சத்தத்துக்கு ஒரு டிரைவர், பிரிண்டருக்கு ஒரு டிரைவர். சர்வீஸ்காரர் சத்தத்தின் டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார். ஏறிக்கொண்டது. மறுபடி எடுத்தார், மறுபடி போட்டார். மறுபடியும் சமர்த்தாக ஏறிக்கொண்டது. திரையின் கீழே ஸ்பீக்கர் படம் வந்துவிட்டதாம். உள்ளே போய்ப் பார்த்தால் "இந்தச் சாதனம் சரியாக இயங்குகிறது" என்று எழுதியிருக்கிறதாம்.

"சரியா இயங்குனா ஏன் தம்பி கேக்கல?"

"அதான்க்கா எனக்கும் புரியல. பாகம் செத்துருந்தா டிரைவர் ஏறவே ஏறாது. ஏறிருக்குல்ல? அப்ப பாகம் உசுரோட இருக்குன்னு அர்த்தம். ஒண்ணு உங்க சிடி கோளாறு, இல்ல சந்தனம் உள்ள இறங்கி ஓட்டை போயிருச்சு. பெட்டிக்குள்ள இருக்க போர்டையே கழட்டித்தான் பாக்கணும். தீபாவளி கழியட்டும், கொண்டு போறேன்."

தீபாவளி கழிந்தால் நான் எங்கே இருப்பேன்? முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார். விசாரித்துவிட்டு, "திரையில எல்லாம் சரியா இருக்குன்னு காட்டுதாமேம்மா" என்றார். அவ்வளவுதான் விசாரணை. வெளியே வந்தால் கணக்குப் பார்ப்பவர், மெத்தப் பிரியமாக, "ஏம்மா, எதுக்கும் காத ஒருக்கா டாக்டர்ட்ட காமிச்சுருங்களேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. "இப்ப நீங்க சொன்னது எனக்கு எப்படிண்ணே கேட்டுச்சு?" என்று கேட்டேன். அவர் தன் மேஜைக்குப் போய்விட்டார். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். கண் தெரியாது என்றால் ஒப்புக்கொள்கிறேன். கேட்கவில்லை என்று நான் சொல்வதைக்கூடத் திரையில் பார்த்துச் சரிபார்ப்போம் என்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. அதற்குள் சர்வீஸ்காரர் காதிலும்தான் கேட்கவில்லை என்பது எல்லோருக்கும் மறந்தே போயிருந்தது.

முகம் கழுவிவிட்டுப் போர்டில் வந்து உட்கார்ந்தேன். வேலை போகப்போகிறது என்பதற்காகப் போன் வராமல் இருக்குமா? யாரோ கோடவுனைக் கேட்டார்கள். கோடவுன் பட்டனை அமுக்கினேன். என் காதில் மணி அடிப்பது கேட்டது. யாரும் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் பழைய சண்டை ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. ஒரு தடவை கோடவுனுக்கு வாரக்கணக்கில் மணி அடித்தேன், எடுக்க ஆள் இல்லை. கோடவுன்காரர் ஆபீஸ் பக்கம் வந்தபோது பிடித்துக்கொண்டேன். "மணி அடிக்குது, எடுத்தா என்னண்ணே, கை தேஞ்சா போகும்?" அவர் சாவகாசமாகச் சொன்னார்: "அங்க போனே இல்லையே தாயி. வெள்ளையடிக்க வயரக் கழட்டுனாங்க, திரும்ப மாட்டவே இல்ல." பின்னால் போன் லைன்மேன் வந்தபோது இதைக் கேட்டேன். ஆபரேட்டர் காதில் கேட்கிற மணிச்சத்தத்தை அங்கே இருக்கிற போன் கொடுப்பதில்லை, உங்கள் போர்டே கொடுக்கிறது என்றார். அங்கே போன் இருக்கிறதா, வயர் இருக்கிறதா என்று போர்டுக்குத் தெரியாது. மணி அடிக்கச் சொன்னார்கள், அடித்துவிட்டேன் என்று அது நமக்குச் சொல்லும், அவ்வளவுதான்.

கோடவுனைக் கேட்டவரை "கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டுச் சென்னைத் தோழிக்குப் போன் போட்டேன்.

"ஏன்டி, டிரைவர் ஏறிருச்சுன்னா பாகம் இருக்குன்னு அர்த்தமா?"

"யார் சொன்னா? அது பாட்டுக்கு ஏறும்" என்றாள். "எங்க பேங்க்லயும் இப்படி நடந்துச்சு. கம்ப்யூட்டர் போட்ட உடனே, சிஸ்டம் வாரதுக்கு முன்னாடி, டெலீட் பட்டனத் தட்டிக்கிட்டே இருந்தா ஒரு பக்கம் வரும். பெட்டியோட அடி மூளை அது. சத்தத்த அங்க அணைச்சு வச்சுட்டா, மேல எத்தன டிரைவர் போட்டாலும் ஏறிக்கிட்டு, வேலை செய்யிற மாதிரி காட்டிக்கிட்டிருக்கும். அந்தப் பக்கத்த ஒரு தடவ பாரு."

"பாருன்னா? அங்க நம்ம சாப்ட்வேர் பேசுமா?"

"பேசாது. அப்ப அது இன்னும் முழிக்கவே இல்லையே. கண்ணு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்."

கண் தெரிந்த ஆளுக்கு ஆபீஸில் பஞ்சமில்லை. எல்லாரும் அதே கண்ணை வைத்துக்கொண்டுதான் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். சர்வீஸ்காரர் தீபாவளி வரை வரப்போவதில்லை. மிச்சம் இருந்தது பக்கத்து மேஜை.

மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டுக்கு எழுந்து போனார்கள். டைப்பிஸ்ட் தன் மேஜையிலேயே டிபன்பாக்ஸைத் திறந்தார். சந்தனக் கதைக்குப் பிறகு அவர் யாரோடும் சேர்ந்து சாப்பிடப் போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, ஒரு உதவி."

சொன்னேன். அவர் மூடியைத் திரும்ப மூடிவிட்டார்.

"எனக்குப் பயமா இருக்குங்க. பொட்டு வச்சதுக்கே இம்புட்டுப் பேச்சு. உள்ள போய் எதையாச்சும் அமுக்கி, பெட்டியே படுத்துருச்சுன்னா?"

"நீங்க கையே வைக்க வேணாம். என்ன எழுதிருக்குன்னு வாசிங்க, அது போதும். அமுக்குறது நான். படுத்துச்சுன்னா என் தலையில போடுங்க. எப்படியும் போகப்போற தலைதான்."

அவர் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. என் தோளில் அவர் தோள் இடித்தது.

பெட்டியைப் போட்டு டெலீட்டைத் தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன். முதல் தடவை தவறிவிட்டது. சிஸ்டம் வந்துவிட்டது. இரண்டாவது தடவை அவர் "ஆ" என்றார். "நீலமா வந்துருச்சுங்க. வெள்ளை எழுத்து. நெறைய இருக்கு."

"ஒவ்வொண்ணா வாசிங்க."

தேதி, நேரம், டிஸ்க் என்று வாசித்தார். நான் கீழே போகும் அம்புப் பட்டனை ஒரு முறை அமுக்குவேன், அவர் "இப்ப அடுத்ததுல நிக்குது" என்பார். ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கம். சாம்பார் வாசம் வந்துகொண்டே இருந்தது, அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. ஓரிடத்தில் அவர் குரல் நின்றது.

"என்னக்கா?"

"ஆடியோன்னு போட்ருக்கு. அதுக்கு நேரா..." அவர் கிட்டக் குனிந்து பார்த்தார். "அணைச்சு வச்சிருக்குங்க. மத்ததெல்லாம் போட்ருக்கு, இது ஒண்ணு மட்டும் அணைச்சு வச்சிருக்கு."

அவர் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார், அளந்து பேசுகிற ஆள், நிறுத்தாமல்: "அய்யய்யோ, இப்பத்தான் ஞாபகம் வருது. நீங்க லீவுல ஊருக்குப் போயிருந்தீங்க. கணக்குப் பாக்குற சார் கம்ப்யூட்டர்ல பாட்டுப் போட்டு, முதலாளி கத்துனார்ல, ஒரு பெட்டியிலயும் சத்தம் வரக்கூடாதுன்னு. அப்ப வந்துக்கிட்டிருந்த பழைய சர்வீஸ்காரர் ஒவ்வொரு பெட்டியிலயும் உக்காந்து என்னமோ பண்ணுனார். ஸ்பீக்கர் கழட்டுனாங்க, அம்புட்டுத்தான்னு நெனச்சேங்க. சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா சொல்லிருப்பீங்கக்கா" என்றேன். சொல்லும்போதே அதை நம்பினேன்.

மாற்றினோம். வெளியே போகும்போது, காப்பாற்றி வைக்கவா என்று அது கேட்டதாம். "ஒய் அமுக்கச் சொல்லுது" என்றார். அமுக்கினேன். பெட்டி அணைந்து திரும்ப உயிர் பெற்றது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். காத்திருக்கும்போது அவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். பிடித்திருப்பது அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

முதலில் ஒரு சின்ன இரைச்சல். பிறகு ஒரு வெள்ளைக்காரன் மூக்கால் பேச ஆரம்பித்தான். என்ன சொன்னான் என்பது ஞாபகமில்லை. திரையில் என்ன கிடந்ததோ அதைத்தான் சொல்லியிருப்பான். நான் எதையும் கேட்கவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

"ஏ, பேசுதாடி?" என்றார் டைப்பிஸ்ட். எனக்குத் தெரிந்து அவர் என்னை "டி" போட்டது அதுதான் முதல் தடவை. ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். அவரும் மூக்கை உறிஞ்சினார். அப்புறம் அந்த டிபனை இருவரும் பாதிப்பாதி சாப்பிட்டோம்.

தீபாவளிக்கு இரண்டொரு நாள் இருக்கும்போது முதலாளி என் மேஜைக்கு வந்தார். அவர் லெட்டர் சொல்கிற வழக்கம் எப்படி என்றால், தமிழில் கடகடவென்று சொல்லிக்கொண்டே போவார், அதை இங்கிலீஷில் ஆக்கி அடிப்பது அடிக்கிறவர் பாடு. "சேலத்துக்காரருக்கு எழுதும்மா. நீங்க கேட்ட ரத்தச் சிவப்பு சாயம் இந்தத் தடவ சரியா ஏறல, ஒரு வாரம் தள்ளித்தான் அனுப்ப முடியும், தப்பா நெனைக்காதீங்க. அம்புட்டுத்தான்."

அடித்தேன். ஹெட்போனில் அவன் வாசித்தான். ஓரிடத்தில் வாரம் என்ற சொல்லில் ஓர் எழுத்தை விட்டிருந்தேன், அவன் உளறினான். நிறுத்தி, அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கேட்டு, திருத்தினேன். பிறகு முதலிலிருந்து அவன் சொல்லச் சொல்ல நான் உரக்கச் சொன்னேன். முதலாளி திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்க வேண்டும். முடித்ததும் அவர் செருமவில்லை. அதை முதலில் கவனித்தேன்.

"எழுத்து விட்டது உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"காதுல கேட்டுச்சு சார்."

"இது எப்ப இருந்து பேசுது? ஒரு பெட்டியிலயும் சத்தம் வரக்கூடாதுன்னு நான் அடைச்சு வைக்கச் சொல்லிருந்தேனே."

பக்கத்து மேஜையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

"அதத்தான் சார் இம்புட்டு நாளாத் தேடுனோம்."

அவருக்கு அது அந்த நிமிஷம்தான் புரிந்திருக்கும். தன் வாயால் அடைக்கச் சொன்னதை மறந்துவிட்டு, அதே பெட்டியைப் பேசவைத்துக் காட்டச் சொல்லி எனக்குக் கெடு வைத்திருக்கிறார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேம்மா" என்றார், குரலை இறக்கி.

"சொன்னேன் சார். கேக்கலன்னு சொன்னேன். திரையில சரியா இருக்குன்னு காட்டுதாமேன்னீங்க."

சொல்லிவிட்டேன். வேலை போனால் இதனால்தான் போகும் என்று நினைத்தேன். அவர் நாற்காலி ஒன்றை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அதக் குடு" என்று ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். லெட்டரைத் திரும்ப வாசிக்கும்படி பட்டனை அமுக்கினேன். எனக்கு இப்போது ஒன்றும் கேட்கவில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டது. முழு லெட்டரையும் அவர் பொறுமையாகக் கேட்டார்.

"என்னம்மா இது, ஒரு வார்த்தகூடப் புரியலையே. இவன் என்ன சொல்றான்?"

"நீங்க சொன்ன லெட்டரத்தான் சொல்றான் சார்."

"உனக்குப் புரியுதா?"

"புரியுது சார்."

அவர் ஹெட்போனைக் கழற்றினார். அது வரும் என்று மேஜையைத் தடவினேன். அவர் அதை மேஜையில் வைக்கவில்லை, என் கையைத் தேடிப் பிடித்து உள்ளங்கையில் வைத்தார்.

"அப்ப சரியாத்தான் இருக்கு" என்றார். "தீபாவளி முடிஞ்சு வந்து இங்கயே உக்காரு."